சுகம்யா புஸ்தகாலயா: பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவரின் விமர்சனம்

வியாசர்பாடிப் பக்கம் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். எனக்குப் பார்வை இல்லை. பாடம் நடத்தப் பாடநூல் மட்டும் போதாது, கூடவே நாலு நூல் பார்த்தாக வேண்டும். அதற்காகத்தான் சுகம்யா புஸ்தகாலயாவில் சேர்ந்தேன்.

அச்சில் படிக்க முடியாதவர்களுக்கான இணைய நூலகம் இது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, அச்சில் படிக்க முடியாதவர்களுக்காக இயங்கும் அமைப்புகளின் கூட்டமைப்பான டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா, டிசிஎஸ் மென்பொருள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது. டெய்சி ஃபோரத்தில் உள்ள ஏதாவது ஓர் அமைப்பு வழியாகப் பதிய வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது டெய்சி என்ற மின்னூல் வடிவம். சாதாரண ஒலிப்புத்தகம் ஒரே ஓட்டமாக ஓடும், நாலாம் அத்தியாயம் எங்கே என்று தள்ளித் தள்ளித் தேட வேண்டும். டெய்சியில் தலைப்பு, உட்தலைப்பு, பக்க எண் எனத் தாவலாம். "112-ஆம் பக்கம் பாருங்க சார்" என்று சக ஆசிரியர் சொன்னால், அவர் தாளைப் புரட்டுவதற்குள் நான் அங்கே இருப்பேன். இன்னொன்று: ஒருவர் வாசித்த ஒலிப்பதிவில் ரகரமா றகரமா என்று காதுக்குப் பல நேரம் பிடிபடாது. எழுத்துக் கோப்பாக இருந்தால் அம்புக்குறி விசையை அழுத்தி எழுத்தெழுத்தாகக் கேட்கலாம். தமிழாசிரியருக்கு இது பெரிய விஷயம். பிரெயிலில் படிப்பவர்களுக்கு அதற்கான கோப்பும் உண்டு.

தமிழ் நூல்கள்தான் குறைவு. ஆங்கிலம் அளவுக்கு இல்லை, சமகால இலக்கியம் என்றால் இன்னும் திண்டாட்டம். இதற்கு நூலகத்தைக் குறை சொல்ல மாட்டேன், கோப்பு வந்தால்தானே ஏற்றுவார்கள்? ஒரு பதிப்பகத்திடம் நானே கேட்டேன். "காப்பிரைட் போயிடும் சார்" என்றார்கள். கெஞ்சிய பிறகு வந்தது பழைய பாமினி எழுத்துருவில். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துதான். 'தமிழ்' என்ற சொல்லைத் திரைவாசிப்பானில், அதாவது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளில், எழுத்துக்கூட்டிக் கேட்டால் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்கிறது. அப்புறம் வேறொரு நூலை ஸ்கேன் செய்ய ஜெராக்ஸ் கடைக்குப் போனால், முழுப் புத்தகம் என்றதும் அங்கேயும் அதே காப்பிரைட் பேச்சு.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி படிப்பதற்காக நூலை அவருக்கு ஏற்ற வடிவில் மாற்ற யாரையும் அனுமதிக்கிறது. லாபம் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். இதற்காகவே 2013-இல் மராகேஷ் ஒப்பந்தம் என்ற சர்வதேச ஒப்பந்தம் வந்தது, 2014-இல் அதை முதலில் ஏற்றுக்கொண்ட நாடு நம் நாடு. சிங்கப்பூரும் இலங்கையும் பிறகு சேர்ந்துவிட்டன. அங்கே மாற்றிய தமிழ் நூல் எல்லை தாண்டி இங்கே வர வழி இருக்கிறது. இத்தனை கதவு திறந்திருந்தும் ஒரே நூலைப் பத்து பேர் பத்து வீட்டில் உட்கார்ந்து தனித்தனியாக ஸ்கேன் செய்து, ரகரத்தையும் துணைக்காலையும் மென்பொருள் குழப்பியதைத் திருத்திக்கொண்டிருப்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

போட்டித் தேர்வுக்கு ஆங்கில நூல்களைப் படிப்பவர்கள் யோசிக்காமல் சேரலாம். தமிழ் மட்டும் படிப்பவர்களும் சேருங்கள். வேண்டிய நூலின் பெயரை உங்களைப் பதிந்த அமைப்பிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். பதிப்பாளர் யாராவது இதைப் படித்தால்: எந்தக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு கோப்பாகக் கொடுங்கள்.