ஃபேன் ரெகுலேட்டரை மூன்றில் வைத்துக் கேட்க வேண்டிய ஆல்பம்

அமெரிக்கப் பாடகி ஃபீபி பிரிட்ஜர்ஸின் இரண்டாவது ஸ்டூடியோ ஆல்பம் ‘பனிஷர்’ வந்தது 2020 ஜூன் 18 அன்று. அறிவித்த தேதிக்கு ஒரு நாள் முந்தியே வெளியிட்டுவிட்டார். ஊரடங்கில் பாளையங்கோட்டை வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது போனில் இறக்கினேன், இன்னும் அழிக்கவில்லை. வந்த புதிதில் இதைப் புகழ்ந்து எழுதாத இசைப் பத்திரிகை குறைவு. அதெல்லாம் முதல் வாரத்துக் காதுகள். வருஷக்கணக்காகப் புழங்கியதில் எது சலித்தது, எது சலிக்கவில்லை என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன். இந்த ஆல்பத்தில் சட்டென்று பிடித்துப்போகும் பாட்டுகள் சீக்கிரம் பழகிவிடுகின்றன. ஓரத்தில் கிடக்கிற சின்னச் சத்தங்கள்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுகின்றன. ஆனால் அவற்றைக் கேட்க நம்ம ஊரில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

மொத்தம் 11 தடங்கள், சுமார் 40 நிமிஷம். லாஸ் ஏஞ்சல்ஸின் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் பதிவானது. டோனி பெர்க், ஈதன் குரூஸ்கா இருவரோடு சேர்ந்து ஃபீபியே தயாரித்திருக்கிறார். இந்தக் குரூஸ்கா, ‘ஸ்டார் வார்ஸ்’ இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் பேரன். 2017இல் வந்த முதல் ஆல்பம் பெரும்பாலும் கிட்டாரும் குரலுமாக இருக்கும். இதில் அடுக்குகள் அதிகம்.

அந்த அடுக்குகளில்தான் ஃபேன் பிரச்சினை வருகிறது. ஆரம்பத்தில் ஒரு நிமிஷ வாத்திய இசை, அடுத்து ‘கார்டன் சாங்’. கிட்டாரை விரலால் மீட்டுகிறார்கள். அதன் சுருதி ஒரு இடத்தில் நிற்காமல் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். பல்லவி வரும்போது அவருடைய குரலுக்குக் கீழே ஆழமான ஆண் குரல் ஒன்று கூடவே வரும். பாடியவர் பாடகர்கூட இல்லை, ஃபீபியின் சுற்றுப்பயண மேலாளர். சித்திரை, வைகாசியில் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு போன் ஸ்பீக்கரில் போட்டால் அந்தக் கிட்டார் ஆட்டமும் கேட்காது, அந்த ஆண் குரலும் கேட்காது. மூன்றுக்குக் குறைத்தால் பாட்டு கேட்கும், முதுகு நனையும். நான் வியர்வையைத் தேர்ந்தெடுத்தேன். தென்காசி பஸ்ஸில் முயற்சி செய்யவே வேண்டாம். டிரைவர் போடுகிற எண்பதுகளின் பாட்டு எந்த இயர்போனையும் தாண்டி உள்ளே வந்துவிடும், உண்மையில் அந்தச் சாலைக்கு அதுதான் பொருத்தம்.

‘கியோட்டோ’தான் எல்லோருக்கும் முதலில் பிடிக்கும் பாட்டு. வேகமான டிரம்ஸ், டிரம்பெட், ஜப்பான் பயணம், நடுவில் அப்பாமேல் இருக்கும் கோபம். 2021 கிராமியில் ஃபீபிக்குக் கிடைத்த நான்கு பரிந்துரைகளில் இரண்டு இந்தப் பாட்டுக்கு. (அந்த வருஷம் ஒன்றும் தட்டவில்லை. 2024இல் சேர்த்து வாங்கிக்கொண்டார்.) எனக்கு முதலில் சலித்ததும் இதுதான். ஒவ்வொரு திருப்பமும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 2020 நவம்பரில் வயலின் கலைஞர் ராப் மூஸுடன் சேர்ந்து, வயலின் வகை வாத்தியங்களை வைத்து நான்கு பாட்டுகளை மறுபடி பாடி ‘காப்பிகேட் கில்லர்’ என்று வெளியிட்டார். அதில் ‘கியோட்டோ’ நிதானமாக வருகிறது. டிரம்ஸ் போனதும் அப்பாவைப் பற்றிய வரிகள் தனியாக நிற்கின்றன. இப்போது நான் கேட்பது அதைத்தான்.

ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டு அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித்தைப் பற்றியது. 2003இல் அவர் இறந்தபோது ஃபீபி சின்னப் பிள்ளை. அவரை நேரில் பார்த்திருந்தால் விடாமல் பேசி அறுத்திருப்பேனே என்ற கூச்சம்தான் பாட்டு. ரசிகத்தனத்தை இவ்வளவு வெட்கத்தோடு யாரும் பாடி நான் கேட்டதில்லை.

‘சைனீஸ் சாட்டிலைட்’ பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். நட்சத்திரம் கண்ணில் படாததால் செயற்கைக்கோளைப் பார்த்து வேண்டிக்கொள்கிற ஒருத்தி. நம்ப ஆசை இருக்கிறது, வானத்தைப் பார்த்தால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. செத்த பிறகு தனக்கு வேண்டியவரைப் பார்க்க முடியும் என்றால், சுவிசேஷக்காரர்களைப் போலத் தெருமுனையில் அட்டை பிடித்து, கூச்சத்தோடேயே நிற்கவும் தயார் என்கிறாள். தெருவுக்குத் தெரு சபையும் ஞாயிறு காலையில் பாட்டுச் சத்தமும் உள்ள பாளையங்கோட்டையில் இதைக் கேட்பது தனி அனுபவம். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதித்துப் பார்க்கிற மாவட்டம் நம்முடையது, ஆனாலும் சாட்டிலைட்டிடம் வேண்டிக்கொள்ள நமக்குத் தோன்றியதில்லை. ஒருநாள் ஹாலில் ஓடிக்கொண்டிருந்தபோது கோயிலிலிருந்து வந்த அத்தை வாசலிலேயே நின்று கேட்டாள். “நல்ல ராகமா இருக்கே, கீர்த்தனையாடே?” என்றாள். “நம்பிக்கை இல்லாதவ பாடுதா அத்தை” என்றேன். “நம்பிக்கை இல்லாதவளுக்கா இந்த இழுவை?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் படித்த விமர்சனங்கள் எதிலும் இந்தப் பாட்டை இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. ‘ஹாலோவீன்’, ‘மூன் சாங்’ இரண்டும் மெதுவானவை, தனித்தனியே கேட்டால் அருமை. ஆனால் ஆல்பத்தின் நடுப்பகுதியில் இந்த நடை தொடரும்போது தொய்வு தெரிகிறது. குரலும் ஏறக்குறைய ஒரே கிசுகிசுப்பில்தான் போகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் கேட்டால் தூக்கம் நிச்சயம். வரிகளும் பேச்சு ஆங்கிலம். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களுக்கு மட்டும் புரியும் சங்கதிகள் அங்கங்கே இருக்கும். வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

பத்தாவது பாட்டு ‘கிரேஸ்லாண்ட் டூ’ பாஞ்சோவும் வயலினுமாக வருகிறது. கூடப் பாடுவது ஜூலியன் பேக்கரும் லூசி டேக்கஸும். இந்த மூவரும் சேர்ந்ததுதான் ‘பாய்ஜீனியஸ்’ குழு. மூன்று குரலும் சேரும் இடத்துக்காகவே இதை வைத்திருக்கலாம்.

அப்புறம் ‘ஐ நோ தி எண்ட்’. ஊர் ஊராகச் சுற்றிக் களைத்தவள் வீட்டை நினைத்துப் பாடுவதாக மெதுவாகத் தொடங்குகிறது. பாதியில் கார் கிளம்புகிறது, டிரம்ஸ் சேர்கிறது, ஊதுகுழல்கள் ஏறுகின்றன, கடைசியில் ஒரு கூட்டமே சேர்ந்து கத்துகிறது. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் நின்றவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. வில்லுப்பாட்டில் கதை நிதானமாகப் போய்க்கொண்டே இருக்கும். நடுச்சாமப் பூசையான சாமக்கொடை நெருங்க மேளம் முறுகும், குலவை கிளம்பும், சாமி வந்தவர் போடும் சத்தத்தில் பாட்டு எது, கூப்பாடு எது என்று பிரிக்க முடியாது. வெளிநாட்டு ரசிகர்கள் இதை உலகம் அழிகிற சத்தம் என்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை, அருள் வருகிற சத்தமாகத்தான் கேட்கிறது.

எங்கள் தெருவில் மைக்செட் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் பெரிய பாக்ஸில் இதை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கத்தல் எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியில் குரலே இல்லாமல், காற்று மட்டும் கரகரவென்று வரும். அண்ணாச்சி பதறிப் போய் பாக்ஸில் காதை வைத்தார்.

“என்னடே, பாட்டு முடிஞ்ச பொறவும் இரையுது. கோன் கிழிஞ்சிட்டா?”

“இல்ல அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்குத் தொண்டை கட்டிட்டு.”

2021 பிப்ரவரியில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் இதே பாட்டைப் பாடி முடித்து, ஃபீபி கிட்டாரால் மானிட்டர் ஸ்பீக்கரை அடி அடியென்று அடித்த வீடியோவையும் காட்டினேன். கிட்டாரைப் பற்றி அண்ணாச்சிக்குக் கவலையே இல்லை. “அந்த மானிட்டர் என்ன பாவம் செஞ்சுது?” என்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் ஷஃபிளை அணைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல், காதை மூடும் ஹெட்செட்டில் வரிசையாகக் கேளுங்கள். ஆட்டோப்ளேயையும் கையோடு அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கரகரப்பு முடிந்த அடுத்த நொடியே ஆப் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு குத்துப்பாட்டைக் கொண்டு வந்து நிறுத்தும்.