தோட்டத்து அணிக்கு யார் மாஸ்டர்: பேர்போன பழைய வீரரா, லைசன்ஸ் எடுத்தவரா?

ஓய்வுபெற்ற நட்சத்திர வீரர் ஒருவர் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த ஹட்டன் பக்கம் உதைபந்தாட்டம் பழக்க வந்தால் முதல் நாளே மைதானம் நிரம்பிவிடும். அனுசரணை கேட்டுப் போகும் கடிதத்துக்கும் அவர் பெயர் பெரிய பலம். ஆனால் 60 பிள்ளைகளுக்கு 6 பந்து என்றால், வரிசையில் நின்றே பயிற்சி நேரம் கரைந்துவிடும். செல்ஃபிதான் மிஞ்சும்.

ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) சி தரப் பயிற்றுநர் லைசன்ஸ் முடித்த உள்ளூர் மாஸ்டருக்கு அந்தக் கூட்டம் வராது. வந்த 20 பேரை அவர் ஐந்தைந்தாகப் பிரிப்பார். 8 மீற்றர் சதுரம், 4 பேர் ஓரத்தில், ஒருவர் நடுவில், இரண்டு தொடுகைக்குள் பந்தைத் தட்டிவிட வேண்டும். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் அளவு மட்டமான இடம் போதும். 12 வயதுக்குக் கீழே 4ஆம் இலக்கப் பந்துதான் கொடுப்பார். 5ஆம் இலக்கப் பந்து மழையில் ஊறிக் கனத்தால் சின்னப் பொடியன்கள் விரல் நுனியால் உதைக்கப் பழகிவிடுவார்கள். அதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

மரடோனாவை விடவா புகழ்? 2010 உலகக் கிண்ணக் காலிறுதியில் அவர் பயிற்றுவித்த ஆர்ஜென்டீனா ஜெர்மனியிடம் 0–4 எனத் தோற்றது. பிரான்ஸ் நட்சத்திரம் சிடானோ படிப்படியாக வந்தவர்: முதலில் ரியல் மட்ரிட்டில் பயிற்றுநர் அன்செலோட்டிக்கு உதவியாளர், பிறகு அதன் இரண்டாம் அணிக்குப் பயிற்றுநர், அதன் பின்பே முதல் அணி. 2016, 2017, 2018 என ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் கிண்ணங்கள் மூன்று வந்தன.

எங்கள் தெரிவு லைசன்ஸ் மாஸ்டர், வாரம் 3 நாள். நட்சத்திரத்தை மாதம் ஒரு ஞாயிறு அழையுங்கள். பெற்றோரும் அன்றுதான் வீட்டில் இருப்பார்கள்.