பிளாக் 0-க்குப் பூட்டா, கைரேகையா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு தீபாவளிச் சீட்டுக் கணக்கை ஒரு சின்ன பிளாக்செயினில், அதாவது ஒவ்வொரு பிளாக்கும் முந்தைய பிளாக்கின் ஹாஷை (கைரேகை போன்ற அடையாள எண்ணை) தாங்கி நிற்கும் கணக்குச் சங்கிலியில், எழுதிப் பார்த்தேன். ஒருநாள் ராத்திரி கரண்ட் போய் வந்தது. புரோகிராம் தானாக எழுந்து, முதல் வேலையாகப் புது பிளாக் 0 (சங்கிலியின் முதல் பிளாக்) ஒன்றைப் பழையதன் மேலேயே எழுதிவிட்டது. அதில் பதியும் நேரம் (டைம்ஸ்டாம்ப்) மாறியதால் ஹாஷும் மாறிப்போனது. பிளாக் 1 தாய்ப்பத்திரம் தொலைந்த வீடு மாதிரி நின்றது. தப்பு என்னுடையதுதான்.

"ஃபைல் இருந்தால் தொடாதே" என்று ஒரு இஃப் வரி போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் யாராவது ஃபைலை மாற்றி வைத்தால் அதையும் அது நம்பிவிடும்.

சரி, ரீட்-ஒன்லி ஆக்கலாமா? லினக்ஸில் 444 (எல்லோருக்கும் வாசிக்க மட்டும்) என்ற அனுமதி கொடுத்தாலும், ஃபோல்டரில் எழுத அனுமதி உள்ளவர் ஃபைலை அழித்து அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். கதவைப் பூட்டிவிட்டுக் கீலைக் கழற்ற விட்ட கதை. மாற்றவோ அழிக்கவோ விடாத இம்யூட்டபிள் ஃபிளாக் இதைத் தடுக்கும், ரூட் (முழு நிர்வாக) அனுமதி உள்ளவர் அதை எடுக்கும்வரை.

பிட்காயின் வழி எனக்குப் பிடித்தது. 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கின் விவரம், அதில் பதிந்த லண்டன் டைம்ஸ் தலைப்புச் செய்தி உட்பட, புரோகிராம் கோடிலேயே இருக்கிறது. புரோகிராம் ஒவ்வொரு முறையும் அந்த பிளாக்கைக் கட்டி, பத்து சைபரில் தொடங்கும் ஹாஷோடு ஒப்பிடும், ஒத்துவராவிட்டால் நின்றுவிடும். டிஸ்க்கில் இருப்பதை அழித்தாலும் அச்சு மாறாமல் திரும்பக் கட்டிவிடலாம்.

எத்தீரியம் பிளாக்செயினை ஓட்டும் புரோகிராமான கெத், சொந்தச் செயினுக்கான ஜெனிசிஸ் (முதல் பிளாக்) விவரத்தைத் தனி ஃபைலில் வாங்கும். டேட்டாபேஸில் ஏற்கெனவே வேறு முதல் பிளாக் இருந்தால் எரர் காட்டி மறுக்கும். சொந்தச் செயின் வைப்பவர்களுக்கு வசதிதான், ஆனால் டேட்டா ஃபோல்டரைக் காலி செய்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

நான் டைம்ஸ்டாம்பை நிலையான எண்ணாக்கி, ஹாஷைக் கோடில் எழுதினேன். சீட்டு பிடிக்கும் அக்கா கேட்டார்: "அந்த நம்பரை நீயே மாத்திட்டா?"

நியாயம். கோடு என் கையில்தானே இருக்கிறது. அதனால் ஹாஷின் 64 எழுத்தையும் அவர் நோட்டில், பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதச் சொன்னேன். டீ ஆறிப்போனது. நடுவில் 'பி'யை 6 என்று எழுதிவிட்டு, அடித்துத் திருத்தினார்.