'சித்தர் வெனிலா' என்று கொடுத்தால் வாங்காதீர்கள்

வேலூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். மூன்று வெனிலாக் காய்க்கு 900 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

லாங்கு பஜார் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு நன்னாரி வேர் வாங்கத்தான் போனேன். கத்திரி வெயிலில் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அதைச் சொன்னதும் கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தார். "ஜவ்வாது மலைச் சரக்கும்மா, சித்தர்கள் பாடியது. பாலில் ஊறவைத்துக் கொடுங்கள்" என்றார். மூடியைத் திறந்ததும் கடையே மணத்தது. காய்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் காட்டி, அதுதான் உயர்ந்த தரம் என்றார்.

அன்றிரவே ஒரு காயைப் பாலில் போட்டுக் கொடுத்தேன். "நன்னாரி வாசனைதானே வருகிறது" என்றார் அம்மா. அது பொய்யில்லை. வெனிலாவின் மணப்பொருளான வெனிலினும் நன்னாரியின் மணப்பொருளும் ஒரே அணுக்கள் வேறு அமைப்பில் சேர்ந்தவை.

மறுநாள் இரண்டாவது காயை வளைத்தேன். சுள்ளிபோல் படக்கென்று ஒடிந்தது. உள்ளே வெறும் கோது. நல்ல காய் எண்ணெய்ப் பசையோடு விரலில் சுற்றினாலும் வளையும். கீறினால் கடுகைவிடப் பொடியான கறுப்பு விதைகள் கத்தி முனையில் பிசுபிசுவென்று ஒட்டும். உயர்ந்த காயில் வெள்ளை பூப்பது உண்மைதான், ஆனால் அது ஊசி ஊசியாக மின்னும். இதுவோ மாவுபோல் உதிர்ந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், மணம் முழுவதும் துணிக்குப் போய்விட்டது. சாறு எடுத்த சக்கையில் செயற்கை வெனிலின் தூவியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். என்ன பொடி என்றே தெரியாமல் அம்மாவுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் ஆறவில்லை.

சித்தர் பெயரைச் சொன்னது அதைவிடப் பெரிய பொய். சமையல் வெனிலா மெக்சிகோ கொடி. அந்நாட்டுப் பழங்குடிகளான தோத்தோனாக் மக்கள் வளர்த்தது, அங்கே ஆண்ட அஸ்டெக்குகள் கொக்கோ பானத்தில் கலந்து குடித்தது. 1841-இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்ட பிறகுதான் மற்ற நாடுகளில் அது பெருமளவில் காய்த்தது. வயிற்றுக்கு, ஆண்மைக்கு என்று ஐரோப்பாவில் மருந்தாகக் கொடுத்த காலம் உண்டு. நம் ஏட்டுச்சுவடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

திருப்பிக் கொடுக்கப் போனேன். "மூலிகையைத் திரும்ப எடுப்பதில்லை" என்றார். பில் வாங்காதது என் தவறு.

மூன்றாவது காயை அப்படியே வைத்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் காட்பாடியில் என் வீட்டுக்கு வந்து ஒடித்துப் பார்க்கலாம்.