கிளிசராலா, டிரெஹலோஸா: நொதியை எதில் வைப்பது?

நொதி கெடாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. கிளிசரால் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பாதிக்குப் பாதி கலந்து மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம். அல்லது டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து, உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தலாம். தினமும் திறந்து எடுக்கும் நொதி என்றால், சிங்கப்பூரில் கிளிசரால்தான் சரி.

கரைசலில் இருக்கும்வரை இரண்டும் காப்பது ஒரே விதத்தில்தான். புரதத்தின் பரப்பு நீரையே நாடும். கிளிசராலையும் டிரெஹலோஸையும் சற்று ஒதுக்கியே வைக்கும். மடிப்பு அவிழ்ந்தால் பரப்பு பெருகும், ஒதுக்க ஆகும் ஆற்றல் செலவும் பெருகும். அதனால் புரதம் மடிந்தபடியே இருந்துவிடும்.

உலர்ந்த பிறகுதான் டிரெஹலோஸ் தனித்து நிற்கிறது. நீர் இருந்த இடத்தில் அது புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்புகளை ஏற்படுத்தி, சுற்றிலும் கண்ணாடிபோல் இறுகிக்கொள்ளும். முழுக்க உலர்ந்த அந்தக் கண்ணாடி இளக 100 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் சிறிது ஈரம் ஏறினாலும் அந்த வெப்பநிலை மளமளவென்று இறங்கிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே நீர் படியும். பஞ்சுபோல் இருந்த வெள்ளைக் கட்டி சுவரைவிட்டு விலகிச் சுருங்கி, நமத்துப்போன அப்பளம்போல் பிசுபிசுக்கும். நொதி செயலிழக்கத் தொடங்குவது அங்கேதான். மூடிய குப்பியைச் சிலிக்கா ஜெல்லுடன் அறை வெப்பநிலைக்கு வரவிட்டே திறக்கவேண்டும். தினம் நான்கு பேர் கைபடும் இடத்தில் இந்த ஒழுங்கு நிலைக்காது.

கிளிசராலின் குறை வேறு மாதிரி. அதை பிப்பெட்டாலேயே கட்டுப்படுத்தலாம். 20 மைக்ரோலிட்டர் வினையில் 2 மைக்ரோலிட்டர் நொதி சேர்த்தால் கிளிசரால் 5 விழுக்காடு ஆகிறது. அதாவது சுமார் 0.68 மோலார், கணக்குப்படி 25 டிகிரியில் ஏறக்குறைய 17 வளிமண்டலச் சவ்வூடு அழுத்தம் (நீரைத் தன்பக்கம் இழுக்கும் அழுத்தம்). டிஎன்ஏவை வெட்டும் ஈகோ ஆர்1 நொதி இதற்குமேல் போனால் தடம் மாறலாம். டிஎன்ஏவில் GAATTC என்ற எழுத்து வரிசை உள்ள தன் இடத்தோடு நில்லாமல், ஓர் எழுத்து மாறிய இடங்களையும் வெட்டத் தொடங்கலாம். காரணம் நீர்தான். சரியான இடத்தில் அமரும்போது நொதிக்கும் டிஎன்ஏவுக்கும் இடையிலுள்ள நீர் வெளியேறிவிடும். பொருந்தாத இடத்தில் தங்கிவிடும் நீரோ கூடுதலாகச் சுமார் 110 மூலக்கூறுகள் என்று 1996இல் அளந்திருக்கிறார்கள். வெளியே சவ்வூடு அழுத்தம் ஏறினால் அந்த நீரும் உறிஞ்சப்பட்டு, தவறான பிடி இறுகும்.

தீர்வு எளிது: நொதியின் அளவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, தேவைப்பட்டால் வினையின் அளவைக் கூட்டுங்கள். பிப்பெட் நுனியைத் திரவத்தின் பரப்பில் மட்டும் தொட்டு மெதுவாக இழுங்கள், ஆழமாக விட்டால் வெளிப்புறம் ஒட்டியதும் சேர்ந்து வரும். கிளிசரால் அடியில் தங்கும் என்பதால் குழாயைச் சுண்டிக் கலந்து, சில விநாடி மையவிலக்கியில் சுழற்றுங்கள்.

ஐஸ் இல்லாமல் அனுப்பவேண்டிய நொதிக்கு இந்த இரண்டில் டிரெஹலோஸ்தான் வழி, நொதிக்கு நொதி பலன் மாறினாலும். எடைபோடும்போது புட்டியைப் பாருங்கள்: இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த டிரெஹலோஸின் (இருநீரேற்று) மூலக்கூறு எடை 378, நீரற்றதன் எடை 342. கிளிசராலில் இருக்கும் நொதியை அப்படியே உலர்த்தப் பார்க்காதீர்கள். கிளிசரால் ஆவியாகாது, கட்டியும் இறுகாது. முதலில் டயாலிசிஸ் (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளைப் பிரித்தல்) செய்து அதை முழுக்க நீக்கவேண்டும்.