மழைக்கு முன்னால் வண்டியில் வந்த எட்டு மூடு ரோஸ்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் ரோட்டோரத்தில் லோடு வண்டியை நிறுத்தி ரோஸ் செடி விற்பவர்களிடம் வாங்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். மறுபடியும் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. நேற்று பஸ்ஸில் வரும்போது பார்த்தேன், அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மே மாதக் கடைசியில் நான் எட்டு மூடு, அதாவது எட்டுச் செடி, வாங்கினேன். ஒரு மூடு 250 ரூபாய், மொத்தம் 2000. தையல் கூலியில் மிச்சம் பிடித்த பணம் அது. முட்டுவலி வந்தபிறகு அம்மா திண்ணையை விட்டு இறங்குவதில்லை. அங்கே இருந்து பார்த்தால் முற்றத்தில் நிறம் நிறமாகப் பூ தெரியவேண்டும் என்று எனக்கு ஆசை.

ஒவ்வொரு செடியிலும் படம் போட்ட அட்டை கட்டியிருந்தது. மஞ்சளில் பீஸ், இளஞ்சிவப்பில் கிளாடியேட்டர், நீலத்தில் ப்ளூ மூன், இன்னும் பேர் தெரியாத சில. நாலைந்து செடியில் கைப்பிடி அளவு பூ விரிந்து நின்றது. மற்றதில் மொட்டு. "சேச்சி, எல்லாம் பெங்களூர் ஒட்டு. மூணு மாசத்துல முத்தம் நெறஞ்சிரும், வரல்லேன்னா என்னைக் கூப்பிடுங்க" என்று வண்டிக்காரர் சொல்லி ஒரு தாளில் போன் நம்பரும் எழுதித் தந்தார். பில் கேட்டேன், "வண்டிக் கச்சவடத்துல ஏது பில்லு" என்றார். அங்கேயே திரும்பி நடந்திருக்கவேண்டும்.

நட்ட பத்தாவது நாள் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்தது. நின்ற பூவெல்லாம் உதிர்ந்தது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இலைகளில் ஓரம் சிதறிய கறுப்புப் பொட்டுகள் வந்தன, பொட்டைச் சுற்றி மஞ்சள், அப்புறம் இலை கொட்டல். மஞ்சள் பூச் செடிதான் முதலில் மொட்டையானது. ஜூலை முடிவதற்குள் மூன்று செடி நுனியிலிருந்து கறுத்துக் காய்ந்து அடிவரை வந்துவிட்டது.

காய்ந்ததைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் வயிறெரிந்தது. நட்ட மண்ணில் ஒரு வேர்கூட இறங்கவில்லை. சிலை செய்கிற மாதிரி ஒட்டும் களிமண்ணை உருட்டி, அதற்குள் வேரை அடைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து ஏற்றி வரும்போது வேர் காயாமல் இருக்க அப்படிச் செய்வது வழக்கமாம். இரண்டு மாத மழையில் அந்த உருண்டை தண்ணீரை வடியவிடாமல் வேரை அழுகவைத்திருக்கிறது. வாங்கிய அன்றே வாளித் தண்ணீரில் உருண்டையை ஊறவைத்து, வேர் அறுபடாமல் மெதுவாகக் கரைத்துவிட்டு நட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு செடி மட்டும் பிய்த்துக்கொண்டு வளர்ந்தன. ஆறடிக்குக் கொப்பு. அம்மா தினமும் "மொட்டு வந்துதா மக்ளே" என்று கேட்பாள், நானும் சாணமும் கடலைப் பிண்ணாக்கும் போட்டுக்கொண்டே இருந்தேன். ஓணம் போனது, தீபாவளியும் போனது, ஒரு மொட்டு இல்லை. ஒட்டுக் கட்டும் வேலையில் வருஷக்கணக்காக இருந்த பக்கத்து வீட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் அடிமண்ணை விரலால் விலக்கினார். ஒட்டுக் கட்டிய இடம் கறுத்துச் செத்துக் கிடந்தது. கொப்பெல்லாம் அதற்குக் கீழிருந்து முளைத்தவை. "நீ இவ்வளவு நாளும் வேர்ச்செடிய இல்லியா மக்ளே வளத்திருக்க?" என்றார்.

ஒட்டு ரோஸில் கீழ்ப்பாதி காட்டு ரோஸ், நல்ல ரகத்தின் கண்ணை (முளையை) அதில் பதித்து வளர்த்த மேல்பாதிதான் நாம் காசு கொடுத்த ரகம். மேலே செத்தால் கீழே உள்ளது பிழைத்து, நம் உரத்தையும் தின்று, பூக்காமல் படரும். கண் உயிரோடு இருக்கும்போதே கீழிருந்து போத்து (புதுக் கொப்பு) வந்தாலும் கண்ணுக்குப் போகவேண்டிய சத்தை எல்லாம் அந்தப் போத்துதான் உறிஞ்சும். ஏழு இலை இருந்தால் காட்டுக்கொப்பு, ஐந்து இருந்தால் நல்ல கொப்பு என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி வெட்டிவிடாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு இலை வரும். கொப்பு ஒட்டுக்கு மேலே முளைத்ததா கீழேயா என்பதுதான் கணக்கு. கீழே என்றால் மண்ணை விலக்கி, முளைத்த இடத்திலிருந்தே பிய்த்து எடுக்கவேண்டும். மேலோடு வெட்டினால் இரண்டாகத் துளிர்க்கும்.

நீல ரோஸ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதில் இருந்த மொட்டு விரிந்தபோது சாதாரண வெளிர் ரோஸ் நிறம். ரோஜாவில் நீலத்துக்கு வேண்டிய டெல்பினிடின் என்ற நிறமி இயற்கையாகவே கிடையாது. ஜப்பானில் மரபணு மாற்றி உருவாக்கி 2009 முதல் விற்ற ரோஜாகூட ஊதா சாயல்தான். ப்ளூ மூன் என்ற ரகம் உண்மையில் உண்டு, ஆனால் அதன் நிறம் வெள்ளி கலந்த இளம் ஊதா. ஆகாய நீலத்தில் படம் காட்டி செடியோ விதையோ யார் விற்றாலும் அது பொய்.

அந்த நம்பருக்கு ஆறு முறை கூப்பிட்டேன். ஒருமுறை எடுத்து, "உங்க மண்ணு சரியில்ல சேச்சி, தண்ணி கூடிப்போச்சு" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

மண்ணைக் குற்றம் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. நம்முடைய மேற்குப் பக்கத்தில், விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில், இரண்டு பருவமழையும் கொட்டும் என்பது செடி விற்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். கரும்புள்ளி நோய் (அந்தக் கறுப்புப் பொட்டு) வர இலை ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் போதும், இங்கே மழைக்காலத்தில் இலை காய்வதே இல்லை. மஞ்சள் ஹைபிரிட் டீ (பெரிய பூ) ரகங்கள் இதில் ரொம்பவும் பலவீனம். அந்த மஞ்சள் வந்த வழி அப்படி: 1900-இல் பிரான்சில் ஒரு வறண்ட நாட்டு மஞ்சள் ரோஜாவைக் கலந்து எடுத்தார்கள், நிறத்தோடு நோய்க்கு இடங்கொடுக்கிற குணமும் சேர்ந்து வந்துவிட்டது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் மழை குறைவு, காற்றும் உண்டு, அங்கே முயன்று பார்க்கலாம். எங்கள் பக்கத்துக்கு ஆகாது.

மாமா கொடுத்த யோசனையில் இப்போது வைத்திருப்பது பன்னீர் ரோஸ் என்ற பேரில் கிடைக்கும் எட்வர்ட் ரோஸ். ரீயூனியன் தீவிலிருந்து வந்த இனம், அதற்குச் சூடும் ஈரமும் புதிதல்ல. பூ ஒட்டு ரோஸ் அளவு பெரிதல்ல, இதழும் சீக்கிரம் உதிரும், ஆனால் வாசம் திண்ணை வரை வருகிறது. கம்பு நட்டாலே பிடிக்கும், சொந்த வேர் என்பதால் எங்கே துளிர்த்தாலும் அதே பூதான். கொத்துக் கொத்தாகப் பூக்கும் பட்டன் ரோஸும் இரண்டு மூடு தொட்டியில் வைத்தேன், மழையில் தாழ்வாரத்துக்கு இழுத்து வைக்கலாம் என்பதற்காக.

ஒட்டு ரோஸ்தான் வேண்டும் என்றால் பூவைப் பார்க்காதீர்கள். மண்ணை விலக்கி ஒட்டைப் பாருங்கள், அதற்கு மேலே இரண்டு பச்சைக் கொப்பாவது இருக்கிறதா என்று பாருங்கள். செடிக் கவரை அமுக்கினால் கல் மாதிரி இருந்தால் உள்ளே அந்தக் களிமண் உருண்டைதான். விற்பவர் அதைத் தொடவிடவில்லை என்றால் வாங்கவேண்டாம். பில் தருகிற, அடுத்த மாதமும் அதே இடத்தில் இருக்கிற நர்சரியில் வாங்குங்கள். மே மாதம் வேண்டாம், மழை அடங்கித் தை பிறந்தபிறகு நடுங்கள்.

எட்டில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்று, கிளாடியேட்டர் என்று அட்டை கட்டியிருந்தது. அதில் போன வாரம் சின்னதாக ஒரு வெள்ளைப் பூ. அம்மா அதையும் பறிக்கவிடவில்லை.