மார்பை எடுத்த பிறகு: வைத்துக்கொள்வதா, தைத்துக்கொள்வதா, அப்படியே விடுவதா?

புற்றுநோய்க்காக மார்பை எடுத்து, கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியைப் பார்த்ததும் ஒரே தவிப்பு: எப்படியாவது பழையபடி ஆகிவிட வேண்டும். அந்தத் தவிப்போடு முடிவெடுக்காதீர்கள். அறுவை செய்து மார்பைத் திரும்ப உருவாக்கும் மறுசீரமைப்பை மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் செய்துகொள்ளலாம்.

கத்தியில்லாத வழி, பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பு. புண் ஆறும்வரை பஞ்சிலோ நூலிலோ செய்த லேசானது; பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் சிலிக்கான். அதன் கனத்தைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது: ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தபோது தோள் சாய்ந்து கழுத்து வலித்தது, சமமானதும் நிமிர்ந்தேன். வியர்க்கும், தினமும் கழுவ வேண்டும், ஊக்கு குத்தினால் போச்சு, சில வருடங்களில் மாற்றவும் வேண்டும். உள்ளே பை தைத்த பிரா இருந்தால்தான் குனியும்போது நழுவுமோ என்ற பயம் இருக்காது.

அறுவை செய்து உடம்புக்குள்ளேயே வைக்கும் செயற்கை மார்பான இம்ப்ளாண்டில் அந்தப் பயமே இல்லை. பல சமயம் முதலில் ஒரு பையை உள்ளே வைத்து, வாரக்கணக்கில் உப்புநீர் ஏற்றித் தோலை விரித்த பிறகுதான் இம்ப்ளாண்ட் வைப்பார்கள். அதுவும் ஆயுளுக்கும் வராது. சிலிக்கான் என்றால் கிழிந்திருக்கிறதா என்று 5, 6 வருடத்தில் ஸ்கேன், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை என்கிறது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ. ரேடியேஷன் எடுத்தவர்களுக்குச் சுற்றியுள்ள திசு இறுகி மார்பு கெட்டிப்படும் வாய்ப்பு அதிகம்.

அப்படிப்பட்டவர்கள் அடிவயிற்றுத் தோலும் கொழுப்பும் எடுத்து மார்பாக்கும் முறையை முதலில் விசாரியுங்கள். மெத்தென்று இருக்கும், உடம்பு பெருத்தால் கூடவே பெருக்கும். ஆனால் பல மணி நேர அறுவை, வயிற்றின் குறுக்கே நீளத் தழும்பு. எந்த மறுசீரமைப்பானாலும் பழைய தொடுவுணர்வு பெரும்பாலும் முழுசாகத் திரும்பாது. இதை முன்பே சொல்லிவிட்டால் எத்தனையோ அழுகை மிச்சம்.

தட்டையாக விடுவதும் ஒரு வழிதான். ஒன்றும் செய்யாமல் இருப்பதல்ல. மிச்சத் தோலை நீக்கிச் சீராக மூடுவதற்கும் கைத்திறன் வேண்டும். பின்னால் மனம் மாறலாம் என்று சிலருக்குத் தோலை மடிப்பாக விட்டுவிடுவதுண்டு, அக்குளோரம் அது உறுத்தும். அறுவைக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள், தழும்பு எங்கே வரும் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

நான் வெளியே சிலிக்கான், வீட்டில் ஒன்றுமில்லாமல். புண் நன்றாக ஆறியபின் தழும்பை விரல் நுனியால் நீவிவிடத் தொடங்கினேன். முதலில் தொடவே கை வரவில்லை. இப்போது குளிக்கும்போது சோப்பு தன்னால் அங்கே போகிறது.